மை காயும் முன் கேட்கும் காதுகள்

1885 ஆகஸ்ட் கடைசியில், ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மலைநாட்டில் முர்ட்ஸூஷ்லாக் என்னும் சிற்றூரிலிருந்து யோஹானஸ் பிராம்ஸ் தம் தோழி எலிசபெத் ஃபொன் ஹெர்ட்சொகன்பெர்க்குக்குக் கடிதம் எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும் ஒரு படைப்பின் பகுதியை அனுப்பினால் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருக்குமா என்று கேட்டார். இந்த ஊரில் செர்ரிப் பழம் இனிப்பாகப் பழுப்பதில்லை என்றும் சேர்த்திருந்தார். இசையும் அதே மண்ணில் விளைந்ததுதான், புளித்தால் புளிக்கிறது என்று சொல்லிவிடுங்கள் என்பது அதன் உட்பொருள்.

அப்போது பிராம்ஸுக்கு வயது 52. மூன்று சிம்பொனிகள் அரங்கேறியிருந்தன. ஐரோப்பாவில் அவரை அறியாத இசைக்கூடம் இல்லை. அப்படிப்பட்டவர் நான்காவது சிம்பொனியின் கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் தாமதமானது. அந்த மௌனத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, என் முயற்சி தோற்றுப்போனதுபோலிருக்கிறது என்ற பொருளில் மறுபடி எழுதினார். தம் இசையை இணையத்தில் ஏற்றிவிட்டு விடியும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்றைய இளம் இசையமைப்பாளருக்கு இந்த மனநிலை அந்நியமானதல்ல.

ஆனால் பிராம்ஸுக்குக் கடைசியில் வந்து சேர்ந்த பதில் வேறு வகை. எலிசபெத் தேர்ந்த பியானோக் கலைஞர். இசைக்குழுவுக்கான முழு ஸ்கோரைப் பார்த்தே மனத்துக்குள் கேட்கக்கூடியவர். பாராட்டும் கலக்கமும் கலந்த நீண்ட கடிதம் அவருடையது. முதல் பகுதியின் நுட்பங்கள் கற்றறிந்த கண்ணுக்காகவே கட்டப்பட்டவைபோல இருக்கின்றன, சாதாரணமாகக் கேட்க வருகிறவருக்கு அந்த அழகு எட்டுமா என்பது அவருடைய கவலை. பிறகு பிரதியோடு பழகப் பழக அவர் மனம் மாறியது, அதையும் எழுதினார்.

அக்டோபரில் இன்னொரு சோதனை நடந்தது. வியன்னாவில் பியானோ தயாரிப்பாளர் ஏர்பாரின் கூடத்தில், பிராம்ஸும் இக்னாஸ் ப்ரூலும் அந்தச் சிம்பொனியை இரண்டு பியானோக்களில் வாசித்துக் காட்டினார்கள். விமர்சகர் எட்வார்ட் ஹன்ஸ்லிக், அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத், நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர், பின்னாளில் பிராம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மாக்ஸ் கால்பெக் ஆகியோர் அங்கே இருந்தவர்கள். முதல் பகுதி முடிந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய புத்திசாலிகள் இருவர் சேர்ந்து தம்மை அடித்துப் போட்டதுபோல இருக்கிறது என்றார் ஹன்ஸ்லிக். மறுநாள் கால்பெக் பிராம்ஸைத் தேடிப்போய், மூன்றாம் பகுதியைத் தூக்கிவிடுங்கள், கடைசிப் பகுதியைத் தனிப் படைப்பாக வெளியிடுங்கள், அவற்றுக்குப் பதிலாகப் புதிதாக எழுதுங்கள் என்று யோசனை சொன்னார். பிராம்ஸ் கேட்டுக்கொண்டார்; இசையவில்லை. பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியும் ஒரே கருவின் மாறுபாடுகளால் ஆனதுதானே என்று நினைவூட்டினார். அக்டோபர் 25 அன்று மைனிங்கனில் அவரே நடத்த, சிம்பொனி வெற்றியோடு அரங்கேறியது. கால்பெக் வெட்டச் சொன்ன அந்தக் கடைசிப் பகுதிதான் இன்று உலகெங்கும் இசை மாணவர்கள் முதலில் பிரித்துப் படிக்கும் பகுதிகளில் ஒன்று.

கால்பெக் சொன்னது தவறு. ஆயினும் அந்தத் தவறான யோசனையையே, இன்று ஒரு படைப்பின் கீழே வந்து குவியும் ஆயிரம் 'அருமை'களைவிடப் பயனுள்ளதாக நான் கருதுகிறேன். அதற்கு மூன்று குணங்கள் இருந்தன. படைப்பு இன்னும் மாற்றத்தக்கதாக இருந்தபோது வந்தது. முழுதும் கேட்ட ஒருவரிடமிருந்து வந்தது. எந்தப் பகுதி, என்ன செய்ய வேண்டும் என்று இடம் சுட்டியது. அதை மறுக்க வேண்டுமானால், தாம் ஏன் அப்படி எழுதினோம் என்று படைத்தவரே தமக்குள் விடை தேடியாக வேண்டும். இணையத்தில் சொந்த இசையைப் பகிர்வது பற்றிப் பேசும்போது எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கே முன்னால் வந்து நிற்கிறது. கேட்டவர் எந்தக் கட்டத்தில் கேட்டார், எதை வைத்துக்கொண்டு கேட்டார் என்பவை பின்னுக்குப் போய்விட்டன.

வசதிகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1990 வரைகூட, இசைக்குழுவுக்கு எழுதிய ஒருவர் தம் இசையைக் காதால் கேட்கப் பெரும்பாலும் ஓர் இசைக்குழுவின் தயவு வேண்டியிருந்தது. 1988இல் ஃபினாலே, 1993இல் சிபேலியஸ் என்று ஸ்கோர் எழுதும் கணினி நிரல்கள் வந்தன. பிறகு எவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்க மியூஸ்ஸ்கோர் வந்தது. அதன் நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளியானபோது, பதிவுசெய்த உண்மையான வாத்திய ஒலிகளும் கூடவே இலவசமாகக் கிடைத்தன. 2006இல் எட்வர்ட் குவோ என்ற மாணவர் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி என்னும் இணைய நூலகம், காப்புரிமை முடிந்த ஸ்கோர்களோடு, வாழும் இசையமைப்பாளர்கள் தாமே முன்வந்து தரும் ஸ்கோர்களையும் ஏற்றுக்கொள்கிறது. கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை ஒரு தந்தி வாத்திய நால்வர் இசை எழுதி, அதை ஒலியாக்கி, ஸ்கோர் பக்கங்கள் திரையில் நகரும் காணொலியாக அன்றிரவே வெளியிடலாம். பிராம்ஸின் தலைமுறை கனவிலும் காணாத சுதந்திரம் இது.

சிக்கலும் இந்த வசதிக்குள்ளேயேதான் இருக்கிறது. கணினி வாசிக்கும் ஒலி, எழுதியவரையும் கேட்பவரையும் சேர்த்தே ஏமாற்றுகிறது. புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி மென்மையானது. அதன் மேல் டிரம்பெட் ஒலித்தால் அரங்கில் குழல் கேட்காது; கணினியில் ஒரு கோட்டை மேலே இழுத்தால் கேட்டுவிடும். ஓபோவின் அடிமட்ட ஸ்வரங்களை மென்மையாக வாசிப்பது தேர்ந்தவருக்கே கடினம். கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஹார்ன் வாசிப்பவரின் உதடு களைக்கும், மூச்சு வேண்டும். நிரலோ பத்து நிமிடம் மேல் ஸ்தாயியிலேயே நின்றாலும் தளராது. வயலினில் மேற்கத்திய முறைப்படி நான்காம் தந்தியில் மட்டுமே கிடைக்கும் இரண்டு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் வாசிக்க எந்த வித்வானாலும் முடியாது. நிரல் தயங்காமல் வாசித்துக் காட்டும். கேட்பவர் இதை நம்பி, இசைக்குழு அமைப்பு அபாரம் என்று எழுதுகிறார். அவர் பாராட்டுவது எந்த இசைக்குழுவாலும் எழுப்ப முடியாத ஒலியை. நேர்மையான மனத்தோடு சொன்ன பாராட்டுத்தான். ஆனாலும் இளம் படைப்பாளியைத் தவறான வழியில் வெகுதூரம் கூட்டிக்கொண்டு போய்விடும்.

கேட்கும் கருவியும் இதில் பங்கெடுக்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் டபுள்பாஸின் கீழ் ஸ்வரங்கள் ஏறக்குறைய மறைந்துபோகும். மாலரின் முதல் சிம்பொனி, ஏழு ஸ்தாயிகளில் பரவி நிற்கும் ஒரே ஸ்வரத்தின் மிக மெல்லிய ஒலியில் தொடங்குகிறது. பேருந்தில் போகும்போது கைப்பேசியில் கேட்பவர், காணொலி இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்றே நினைப்பார். எந்த நொடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று யூட்யூப் படைப்பாளிக்கு வரைபடம் போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோடு முதல் அரை நிமிடத்தில் சரிவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒருவர், அடுத்த முறை மெல்லத் தொடங்குவாரா? யாரும் கட்டளையிடவில்லை, கோடு மட்டும் சரிகிறது. 2021 நவம்பரில் அதே தளம், பிடிக்கவில்லை என்போரின் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. கூட்டமாகத் தாக்குவோரிடமிருந்து படைப்பாளிகளைக் காக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள், நியாயமான காரணம். அந்த எண்ணும் எந்த இடத்தில் எது பிடிக்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கருத்துச் சொல்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முடிந்துபோன ஒன்றாக நம் முன் வைக்கப்படும் படைப்பிடம் நாம் முடிந்துபோன சொற்களைத்தான் சொல்ல முடியும். நகரும் காணொலி, முகப்புப் படம், படைப்பு எண் எல்லாம் சேர்ந்து, இது நிறைவுற்றது என்று அறிவித்துவிடுகின்றன. அதற்குமேல் இருபத்து மூன்றாம் அளவில் வியோலாவுக்கு இடம் போதவில்லை என்று எழுதத் துணிபவர், விருந்துக்குப் போய்க் குறை சொன்னவர்போல ஆகிவிடுகிறார். ரஹ்மானினோவை நினைவூட்டுகிறது, ஷோபான் சாயல் தெரிகிறது என்று எழுதுவது எளிது. எழுதுபவரும் மகிழ்கிறார், படைத்தவரும் மகிழ்கிறார். ஓர் இளைஞருக்கு முதல் ஊக்கம் அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு படைப்பு பத்துப் பேரின் கண்ணில்கூடப் படாமல் கிடப்பதன் வலியும் எனக்குப் புரிகிறது. இணையத்தில் ஏறும் புதிய சாஸ்திரிய இசையில் பெரும்பகுதிக்குக் கிடைப்பது மௌனம்தான்.

கேட்டவர் சொன்னதை ஏற்றுக்கொள்வது எப்போதும் நன்மையாக முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அன்டன் புருக்னர் 1887இல் எட்டாவது சிம்பொனியை முடித்து, பெருமகிழ்ச்சியோடு நடத்துநர் ஹெர்மன் லேவிக்கு அனுப்பினார். தம் இசையைப் புரிந்துகொண்டவர் என்று புருக்னர் நம்பிய மனிதர் அவர். லேவிக்கு அந்தப் படைப்பு பிடிபடவில்லை. நேரில் சொல்லத் தயங்கி, யோசெஃப் ஷால்க் என்ற சீடர் வழியாகச் சொல்லி அனுப்பினார். புருக்னர் உடைந்துபோனார். 1890வரை திருத்தினார், 1892 டிசம்பர் 18 அன்று வியன்னாவில் ஹான்ஸ் ரிக்டர் அதை அரங்கேற்றினார். திருத்திய வடிவத்தையே இன்று அதிகம் வாசிக்கிறார்கள்; அதில் பல இடங்கள் முன்னதைவிட மேம்பட்டவை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு மறுப்பு எட்டாவதோடு நிற்கவில்லை. முன்பே முடித்த சிம்பொனிகளையும் அவர் திரும்ப எடுத்துத் திருத்தத் தொடங்கினார். ஒன்பதாவதை முடிக்காமலே 1896இல் இறந்தார். நம்பிக்கைக்குரிய ஒரே ஒரு காதைச் சார்ந்திருப்பதன் ஆபத்து இது. இந்த இடத்தில் இணையத்தின் பல குரல்கள் உண்மையிலேயே ஒரு காப்பு.

பீத்தோவன் கதையில் அழுத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1826 மார்ச் 21 அன்று ஷூப்பான்ட்ஸிக் குழு அவருடைய பி ஃபிளாட் நால்வர் இசையை வாசித்தபோது, நடுவிலுள்ள இரண்டு சிறு பகுதிகளைக் கூட்டம் மறுபடி கேட்டது. முடிவிலிருந்த பெரும் ஃபியூக் யாருக்கும் விளங்கவில்லை. பதிப்பாளர் மத்தியாஸ் ஆர்டாரியா, கார்ல் ஹோல்ட்ஸ் வழியாகப் பேசி, ஃபியூகைத் தனிப் படைப்பாக விலைக்கு வாங்கிக்கொள்வதாகவும் நால்வர் இசைக்குப் புதிய முடிவு எழுதித் தரும்படியும் கேட்டுக்கொண்டார். பிடிவாதத்துக்குப் பெயர்போன பீத்தோவன் இசைந்தார். புதிய முடிவு அவர் முழுமையாக எழுதி முடித்த கடைசிப் பகுதியாக அமைந்தது. ஃபியூக் 133ஆம் எண்ணோடு தனியாக வெளியாயிற்று. இன்று சில குழுக்கள் பழைய முடிவோடும் சில குழுக்கள் புதிய முடிவோடும் வாசிக்கின்றன. அன்றைய ரசிகர்களின் குழப்பத்தால் உலகுக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன.

இவற்றுக்கெல்லாம் நேர்எதிரான ஒரு சோதனையை ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1918 நவம்பரில் வியன்னாவில் தொடங்கினார். தனிப்பட்ட இசை நிகழ்வுகளுக்கான சங்கம் அது. விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கைதட்டக் கூடாது, வெறுப்பைக் காட்டவும் கூடாது. என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டி அறிவிக்க மாட்டார்கள். பிடிக்காத பெயரைக் கண்டு வராமல் இருந்துவிடக் கூடாது என்பது காரணம். நன்றாக ஒத்திகை பார்த்த பிறகே வாசிப்பார்கள். ஒரே படைப்பை மறுபடி மறுபடி வைப்பார்கள். 1921இல் பணவீக்கம் சங்கத்தைச் சாய்ப்பதற்குள் 117 கச்சேரிகளில் 154 படைப்புகள் 353 முறை வாசிக்கப்பட்டன. ஒரு படைப்பை இரண்டு முறைக்குமேல் கேட்ட பிறகுதான் உனக்குக் கருத்து உண்டு என்று ரசிகரிடம் சொன்ன அமைப்பு இது ஒன்றாகத்தான் இருக்கும். கேட்டு முடிக்கும் முன்பே விரலைக் கேட்கும் இன்றைய திரைக்கு அந்தக் கூடத்திலிருந்து கற்க நிறைய இருக்கிறது. ஷோன்பெர்க்கின் கெடுபிடி முழுதும் எனக்கு உடன்பாடானதல்ல; கைதட்டலைத் தடுப்பது கேட்பவரின் உடலைக் கட்டிப்போடுவது. மறுபடி கேட்க வைத்த பிடிவாதத்தைத்தான் மதிக்கிறேன்.

தமிழ்நாட்டு ரசிகருக்கு இந்தத் தடை விளங்கவே விளங்காது. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் கருத்து பாட்டு முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒரு சங்கதி விழும் நொடியிலேயே முன்வரிசையில் 'பலே' எழும். தொடையில் தாளம் போடும் கை ஒரு கணம் நிற்கும். பாடுகிறவர் அதைப் பார்த்து அதே சங்கதியை இன்னொரு முறை, சற்று வளைத்துப் பாடுவார். 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த சவுண்ட்கிளவுட் தளத்தில், ஒலியலையின் மேல் குறிப்பிட்ட நொடியில் கருத்தைப் பதிக்கும் வசதி இருந்தது. சபாவின் 'பலே'க்கு இணையத்தில் கிடைத்த மிக நெருங்கிய உறவு அதுதான். 'இங்கே' என்று விரல் வைத்துக் காட்டும் கருத்து, ஒரு சொல்லாக இருந்தாலும், படைத்தவருக்கு உதவும்.

கீர்த்தனை மரபில் இன்னும் ஆழமான பதில் ஒன்று உண்டு: இன்னொருவர் அதை எடுத்துப் பாடுவது. தியாகராஜரின் உருப்படிகள் வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீடர் வழிகளில் பரவி, வழிக்கொரு பாடாந்தரம் கொண்டன. தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' கீர்த்தனையில் இன்று நாம் கேட்கும் சங்கதிகளில் பல மகா வைத்தியநாத ஐயர் சேர்த்தவை என்று சங்கீத உலகில் வழங்கிவருகிறது. பாடுகிறவர்கள் தங்கள் குரலால் எழுதிய விமர்சனம் அது. சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890களில் இக்கீர்த்தனைகளை மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டு, கண்டிராத மனிதர்களின் கைக்கும் போய்ச்சேரச் செய்ய முயன்றார். தம் சொத்தையே அதில் கரைத்தார். அவர் தூண்டியதால்தான் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யை, கமகங்களுக்குத் தனிக் குறிகள் வகுத்து, 1904இல் வெளிக்கொண்டுவந்தார். ஒலிப்பதிவு பரவாத காலத்தில் இசையைப் பகிர்வதென்றால் மற்றவர் பாடத்தக்க வடிவில் கொடுப்பது என்றே பொருள். இன்றைய காணொலி கேட்கத்தக்க வடிவில் மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. புதிதாக வர்ணமோ தில்லானாவோ இயற்றி வெளியிடுகிறவர்களில் ஸ்வரக்குறிப்பையும் கூடவே வைக்கிறவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம் தருகிறது.

பகிரப்படாத இசை என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனி ஒன்றைப் பதிவுசெய்தது, அது வெளிவரவில்லை. கேட்காத இசையைப் பற்றி ஒரு தலைமுறை முழுதும் பெருமையும் ஐயமும் பேசித் தீர்த்தது. 2025 மார்ச் 8 அன்று அதே லண்டனில் 'வேலியன்ட்' என்ற அவருடைய இன்னொரு சிம்பொனி அரங்கேறியபோது, தமிழ் ரசிகர்களிடம் உற்சாகத்துக்குக் குறைவில்லை. அந்தச் சிம்பொனியின் இரண்டாம் பகுதி எப்படி வளர்கிறது என்று பேசுவதற்கு ஸ்கோர் கையில் வேண்டும். பலமுறை கேட்கவும் வேண்டும்.

பாடிப் பதில் சொல்வது இணையத்திலும் முடியும். 2009இல் ஒரு ரசிகை, அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேகரின் கோரஸ் படைப்பு ஒன்றில் தம் குரலுக்குரிய பகுதியை மட்டும் பாடி, காணொலியாக அவருக்கு அனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனையால், 2010இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் தனித்தனியாக வீட்டிலிருந்து பாடிய பதிவுகள் 'லூக்ஸ் அவ்ரூம்க்வே' என்ற ஒரே கோரஸாக இணைந்தன. அது நடந்ததற்கு அடிப்படை, ஸ்கோர் எல்லார் கையிலும் இருந்தது. பாடத் தொடங்கிய எவரும் மூச்சு எங்கே போதவில்லை, எந்த உயிரெழுத்து மேல் ஸ்வரத்தில் இடறுகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வார். எனவே ஒலியோடு ஸ்கோர் கோப்பையும் வைக்கும்படி இளம் படைப்பாளிகளிடம் கேட்டுக்கொள்வேன். எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்காமல், இரண்டாம் கரு திரும்பி வரும் இடம் நீள்கிறதா என்பதுபோல ஓரிடத்தைச் சுட்டிக் கேட்கலாம். ஊரிலுள்ள ஒரு செல்லோ வாசிப்பவரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இந்த இடத்தில் வில்லைத் திருப்ப நேரம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

இன்னொரு தடையும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இசையமைப்பாளர் சிபேலியஸ் தம் ஐந்தாவது சிம்பொனியை 1915 டிசம்பர் 8 அன்று, தம் ஐம்பதாவது பிறந்தநாளில், ஹெல்சிங்கியில் அரங்கேற்றினார். ஊரே கொண்டாடியது. அவருக்கு நிறைவில்லை. 1916இல் திருத்தினார், நான்கு பகுதிகளில் முதல் இரண்டையும் ஒன்றாக இணைத்தார், மறுபடியும் திருத்தி, 1919இல்தான் கடைசி வடிவத்துக்கு வந்தார். இன்று யூட்யூபில் ஏற்றிய காணொலியின் உள்ளடக்கத்தை அதே முகவரியில் மாற்றி வைக்க முடியாது. திருத்திய வடிவம் புதிய காணொலியாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழையதன் கீழே சேர்ந்த எண்ணிக்கையும் பாராட்டும் பழையதோடேயே கிடக்கும். தேடுகிறவருக்கும் தளம் முதலில் காட்டுவது பெரும்பாலும் அதிகம் கேட்கப்பட்ட பழையதைத்தான். ஆகவே பயனுள்ள கருத்து ஒன்று வந்து சேர்ந்தாலும், அதன்படி திருத்துவதற்குத் தளமே ஓர் அபராதம் விதிக்கிறது. அந்த அபராதத்தைக் கட்டத் துணிந்து, பழையதன் குறிப்பில் புதியதன் முகவரியைக் கொடுத்து, என்ன மாற்றினேன், யார் சொல்லி மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி வைக்கும் படைப்பாளிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய இரண்டாவது காணொலியைத் தேடிப்போய்க் கேட்கிறேன்.